12-11: முடிவை மறைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பது

திருகோணமலையில் உடற்கல்வி படிப்பிக்கிறவர்களுக்கு றக்பி பெரும்பாலும் தொலைக்காட்சியில் பார்க்கிற விளையாட்டுத்தான். கண்டியிலும் கொழும்பிலும் அதற்கென்றே பெயர்போன பாடசாலைகள் உண்டு. எங்கள் பிள்ளைகள் மக்கெய்சர், ஏகாம்பரம் மைதானங்களில் உதைபந்தோடும் கிரிக்கெட்டோடும் வளர்கிறார்கள். ஆனாலும் ஒரு வீரரை எப்படி மதிப்பிடுவது, அணியை எப்படித் தெரிவு செய்வது, மத்தியஸ்தரின் தீர்ப்பை எப்படிப் பார்ப்பது என்று மேல்வகுப்பு மாணவர்களோடு பேசும்போது நான் எடுப்பது 2023 றக்பி உலகக் கிண்ண இறுதிப்போட்டியைத்தான். ஒக்டோபர் 28 இரவு பாரிஸில் நடந்தது. எங்களுக்கு அப்போது நள்ளிரவு தாண்டி 12.30. தென்னாபிரிக்கா 12, நியூசிலாந்து 11.

அந்த ஒரு புள்ளிதான் எல்லாரையும் குழப்பிவிட்டது. திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்ததும் ஒரு மாணவன், "ரெஃபரி அலாப்பிட்டார் சேர்" என்றான். ஆசிரியர் அறையிலோ ஒரு நண்பர், தென்னாபிரிக்காவின் தெரிவுதான் வென்றது என்று அடித்துச் சொன்னார். இருவருமே முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடினார்கள். முடிவு தெரியாத நேரத்தில் தீர்மானம் எடுத்தவர்களை இப்படி அளப்பது நியாயமில்லை.

தெரிவையே எடுத்துக்கொள்வோம். தொடரின் நடுவே தென்னாபிரிக்காவின் ஹூக்கர் மல்கம் மார்க்ஸ் காயப்பட்டு வெளியேறினார். ஹூக்கர் என்றால், இரு அணியும் பின்னிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசையின் நடுவில் நிற்பவர்; பக்கக்கோட்டிலிருந்து பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடரும் லைன் அவுட்டில் வழமையாக எறிபவரும் அவரே. மார்க்ஸின் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்கவில்லை. பந்தை உதைப்பதில் கெட்டிக்காரரான ஹந்த்ரே பொலார்டை அழைத்தார்கள். அணியில் மிஞ்சிய முழுநேர ஹூக்கர் ம்பொனாம்பி ஒருவர்தான். இறுதிப்போட்டி தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அவரும் காயப்பட்டு வெளியே போனார். அந்தக் காயத்துக்குக் காரணமான தவறுக்கு நியூசிலாந்தின் ஷனன் ஃபிரிசெல் மஞ்சள் அட்டை வாங்கினார். சரி, ஹூக்கர் இடத்துக்கு யார்? வழமையாக ஸ்க்ரமின் பக்கத்தில் ஆடும், 37 வயதான டியோன் ஃபூரி. மிச்ச ஆட்டம் முழுவதும் அவரே தாங்கினார். லைன் அவுட்டில் தென்னாபிரிக்கா தடுமாறியது. அதே நேரம், அவர்கள் எடுத்த 12 புள்ளிகளும் பொலார்ட் உதைத்த நான்கு பெனால்டிகளால் வந்தவை. நான்கும் முதல் பாதியில். இரண்டாம் பாதியில் அந்த அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

ஒரே தெரிவு, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்திருக்கிறது. நியூசிலாந்தின் போடன் பரட் பந்தை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் நிலத்தில் வைத்து எடுத்த ட்ரைக்குப் பிறகு, கூடுதல் புள்ளிகளுக்காக ரிச்சி மோவுங்கா உதைத்த உதையோ, 73ஆம் நிமிடத்தில் ஜோர்டி பரட் உதைத்த பெனால்டியோ கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால், அதே தெரிவாளர்களை உலகம் மடையர்கள் என்றிருக்கும். என் கணக்கில் பொலார்டை அழைத்தது சரி. ஒரே ஒரு ஹூக்கரோடு இறுதிப்போட்டிக்கு இறங்கியது எடுத்திருக்கக் கூடாத துணிச்சல். கிண்ணத்தை வென்றதால் அந்த இரண்டாவது கருத்து மாறாது.

வீரர்களை மதிப்பிடும்போது பையன்களுக்குப் பந்து வைத்திருப்பவர் மட்டும்தான் தெரிகிறார். அதனால் தென்னாபிரிக்காவின் பீட்டர்-ஸ்டெஃப் டு டொய்டை மட்டும் பார்க்கச் சொல்வேன். அன்று 28 தடவை எதிராளியைப் பிடித்து வீழ்த்தியவர், ஆட்டநாயகனும் அவரே. எண்ணிக்கையை விட நான் காட்ட விரும்புவது, வீழ்த்திய பிறகு அவர் செய்வது. நிலத்தில் கிடக்கும்போதே கையூன்றி எழும்பி, பந்து எங்கே என்று தலையைத் திருப்பி, மறுபடி வரிசையில் தன் இடத்துக்கு வந்துவிடுகிறார். கமெரா வேறெங்கோ போய்விடுகிறது. அவர் அதற்குள் அடுத்த ஆளுக்குத் தயார்.

அப்புறம் மத்தியஸ்தர் வெய்ன் பார்ன்ஸ். நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனுக்குக் கிடைத்த சிவப்பு அட்டையில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிமிர்ந்த நிலையில் போய், தோளால் ஜெசி கிரீலின் தலையில் மோதினார். பார்ன்ஸ் காட்டியது மஞ்சள். காணொளியைப் பார்த்த அதிகாரிகள் அதைச் சிவப்பாக்கினார்கள். தென்னாபிரிக்கத் தலைவர் சியா கொலிசியும் ஆர்டி சவியாவின் தலையில் மோதினார், அவருக்கு ஏன் மஞ்சளோடு விட்டார்கள் என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். மோதலின் வேகமும் ஆபத்தும் எவ்வளவு, குற்றத்தைக் குறைக்கும் காரணம் ஏதும் உண்டா என்று படிப்படியாகப் பார்க்கச் சொல்கிறது வழிகாட்டல். இரண்டு காட்சிகளையும் மெதுவாக ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

எனக்கு உண்மையாகவே குறை தோன்றுவது நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித்தின் ட்ரையை இரத்துச் செய்த விதத்தில். அதற்கு முன் லைன் அவுட்டில் பந்து சவியாவின் கையில் பட்டு முன்னே போனது மெய். ஆனால் தொலைக்காட்சி மத்தியஸ்தர் இப்படியான தவறுக்கு இரண்டு கட்டங்கள்தான் (பந்து வைத்திருப்பவரை ஒரு தடவை வீழ்த்தியதிலிருந்து அடுத்த தடவை வரை ஒரு கட்டம்) பின்னோக்கிப் போகலாம்; இது அதற்கும் முந்தியது. நடந்ததைச் சரியாகச் சொன்னார்கள், சொல்வதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. இதை வைத்து ஒருவர் வாதாடினால் உட்கார்ந்து கேட்பேன். "அலாப்பிட்டார்" என்பதைக் கேட்க மாட்டேன். 111 சர்வதேசப் போட்டிகளை நடத்திய பார்ன்ஸ் சில நாட்களிலேயே ஓய்வை அறிவித்தார். அவருடைய குடும்பத்துக்கும் வசையும் மிரட்டலும் போயிருந்தன. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

வலய மட்ட உதைபந்து அணிக்குப் பையன்களைத் தெரிவு செய்யும்போது நான் இப்போது கடைசி விசிலுக்கு முன்பே ஒவ்வொருவருக்குமான புள்ளிகளை எழுதி, தாளை மடித்து அடுத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். அப்படித்தான் படுதோல்வி கண்ட அணியின் பின்வரிசைப் பையன் ஒருவன் தெரிவானான். கோல் போட்ட தன் மகனை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு தந்தை வந்து கேட்டார். தாளை விரித்து, பந்து இல்லாத நேரங்களில் மகன் எங்கே நின்றான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்தத் தாளின் பிரதி ஒன்று கேட்டார், கொடுத்தேன்.