ஒரு கிலோ கூடப் பிடித்த கணக்கு

திருவாரூர் பக்கம் அரசின் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குறுவைக்கும் அடுத்து வந்த சம்பா, தாளடிக்கும் பட்டியல் எழுத்தராக இருந்தேன். பருவகால வேலை. பெயர்தான் எழுத்தர். நெல்லின் ஈரம் காட்டும் மீட்டர் பார்ப்பது, தராசு பார்ப்பது, சாக்குக் கணக்கு, லாரிக்குப் போன் போடுவது, மேகம் கறுத்தால் படுதா இழுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

அது 2024 குறுவை. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை அந்த வருடம் ஜூலை 28-ல்தான் திறந்தது. குறுவை வைத்தவர்களெல்லாம் போர்வெல் தண்ணியை நம்பி வைத்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர், மூன்று ஏக்கர்க்காரர். அதில் இரண்டு குத்தகை. பக்கத்து போர்வெல்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கி கோ 51 என்கிற சன்னரக நெல் போட்டிருந்தார். புரட்டாசிக் கடைசியில் அறுத்துக் கொண்டுவந்து கொட்டினார்.

மீட்டர் ஈரம் 18.4 சதவீதம் காட்டியது. வாங்கலாம் என்பது 17 வரைக்கும்தான்.

அவர் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்தார். "பல்லு காஞ்சிருக்குங்குது, ஒன் மிஷினு ஈரங்குது. எதத் தம்பி நம்புறது?"

ரோட்டில் காயவைத்தார். மறுநாள் 17.6. அன்று சாயங்காலமே மழை. நாலாம் நாள்தான் 16.8 வந்தது. அதற்குள் படுதா வாடகை, நெல் கிளற வந்த இரண்டு பெண்களுக்குக் கூலி, ராத்திரி காவல் என்று அவர் பையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. இப்படி மழை பிடித்துக்கொண்டால் வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. 2022 அக்டோபரில் 19 ஆக்கினார்கள். ஆனால் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, டெல்லியிலிருந்து உத்தரவு வந்து சேர்வதற்குள் நெல் ஒன்று காய்ந்திருக்கும், இல்லையென்றால் முளைத்திருக்கும்.

இனி சொல்ல வேண்டியது என் பங்கு.

ஒரு சிப்பம், அதாவது ஒரு சாக்கு நெல், 40 கிலோ. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய நெல், லாரி வரும்வரை மூட்டை அடுக்கிய அட்டியிலேயே கிடந்து 14-க்கு இறங்கினால் 40 கிலோ 38.6 ஆகிவிடும். யாரும் திருடவில்லை, தண்ணீர் ஆவியாகிறது, அவ்வளவுதான். ஏட்டில் மட்டும் 40 அப்படியே நிற்கும். குறைகிற எடை எழுத்தர் தலையில். முதல் வாரத்திலேயே அனுபவப்பட்ட ஒருவர் காதோடு சொன்னார்: "கிலோ கூட வச்சுப் புடி. இல்லேன்னா சம்பளத்த மறந்துரு."

பிடித்தேன். பெரியவரிடமும் 41 பிடித்தேன். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பதில் ஒரு கிலோ, இதில் என்ன போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பட்டியல் போடும்போது அவரே கணக்குச் சொன்னார். ஏக்கருக்கு 45 சிப்பம். அந்தப் பருவத்தில் சன்னரகம் குவிண்டால் 2,450 ரூபாய், அதாவது சிப்பம் 980. ஆக 44,100. உழவு, நடவு, உரம், களை, தண்ணீர், அறுப்பு மிஷின், குத்தகை எல்லாம் போக ஏக்கருக்கு ஒன்பதாயிரம் நின்றால் பெரிது என்றார். நான் கூடப் பிடித்தது ஏக்கருக்கு 45 கிலோ, ரூபாயில் 1,100 சொச்சம். நெல்லில் நாற்பதில் ஒரு பங்கு. அவருக்கு மிஞ்சியதில் எட்டில் ஒரு பங்கு.

2,450 என்பதும் எப்படி வந்தது என்று பார்த்தால், நாடு முழுவதற்குமான சராசரிச் செலவு குவிண்டாலுக்கு 1,533 என்று கணக்கிட்டு, அதன்மேல் பாதியைக் கூட்டிப் பொது ரகத்துக்கு மத்திய அரசு வைத்த விலை 2,300. சன்னரகத்துக்கு 2,320. அதன்மேல் தமிழக அரசின் ஊக்கத்தொகை 130. சொந்த நிலத்துக்கு வாடகை என்று ஒன்று உண்டே, அது அந்தச் செலவில் வராது. சராசரிக்கு நெல் ரோட்டில் நனைவதும் தெரியாது.

வெளி வியாபாரி வயலுக்கே வருவார். ஈரத்தோடு எடுத்துக்கொள்வார், கையில் காசு. விலை குறைவு, 60 கிலோ மூட்டைக்கு 62 பிடிப்பார். நிலையத்தில் உட்கார்ந்து அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று பேசுவோம். அறுபதில் இரண்டு, நாற்பதில் ஒன்று. பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கிலோவும் என்னைக் காப்பாற்றவில்லை. லாரி மூன்று வாரம் தாமதம். பருவம் முடிந்து கணக்கு முடித்தபோது எனக்கும் பிடித்தம் இருந்தது.

தாளடி அறுப்புக்குப் பெரியவர் நிலையத்துப் பக்கமே வரவில்லை. மாசி மாதம் டீக்கடையில் பார்த்தேன். "வயல்லயே போட்டுட்டேன் தம்பி. எவன் நாலு நாளு படுதா புடிக்கிறது?"

மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். சொன்னார். டீ ஆறும்வரை அதை 62-ஆல் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.