உள்ளங்கை முழுசும் பதியணும்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறைமாதக் குழந்தைகளைத் தொடவே எனக்குப் பயம். ஒன்றேகால் கிலோ உடம்பு, தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் ஓடுவது தெரியும். வலிக்குமோ என்று விரல் நுனியால் வருடுவேன். குழந்தை விரல்களை விரித்து விறைக்கும். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கும். கையை எடுத்துவிடுவேன். இவர்களுக்குத் தொட்டாலே ஆகாது என்று பல மாதம் நம்பியிருந்தேன்.

ஒருநாள் மூத்த சிஸ்டர் என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். "கூச்சம் காட்டாதம்மா. உள்ளங்கை முழுசும் பதியணும்" என்றார். தலையில் ஒரு கை, மடக்கிய கால்களில் ஒரு கை, கொஞ்ச நேரம் அசையாமல். பிறகு தோளிலிருந்து மணிக்கட்டு வரை, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே சீராக நீவல். அதே குழந்தை, அதே வார்மர், அதாவது சூடு தரும் படுக்கை. மானிட்டர் கத்தவில்லை.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். 1986-ல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 40 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு மூன்று முறை, 15 நிமிடம், பத்து நாள் நீவிவிட்டார்கள். இரு பிரிவும் குடித்த பால் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நீவப்பட்டவர்களின் அன்றாட எடையேற்றம் 47 சதவீதம் அதிகம். ஆறு நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். அழுத்தி நீவும்போது, மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இரைப்பை நன்றாக இயங்குகிறது என்று பின்னாளில் விளக்கினார்கள். இந்த ஆய்வுகளில் பல சிறியவை, எல்லாவற்றையும் அப்படியே ஏற்க நான் தயாரில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை நிமிர வைத்தது. தேய்த்துவிட்டால் பிள்ளை தூங்கும் என்றுதானே நம் வீடுகளில் சொல்வோம்? அந்தக் குழந்தைகள் கூடுதல் நேரம் விழித்து, சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் கை வைக்கிறேன். கண் விரிந்து அமைதியாகப் பார்த்தால் தொடங்கலாம். விக்கல், அடுத்தடுத்துக் கொட்டாவி, முகத்தைத் திருப்புவது, தோல் திட்டுத் திட்டாவது தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பால் குடித்த உடனே கூடாது. மூச்சு நிலைப்படாத குழந்தையை நீவுவதே இல்லை. தலையிலும் காலிலும் கையை அசையாமல் வைத்துப் பிடிப்பது மட்டும்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் பாட்டிகள் தவறாமல் கேட்பார்கள், "எண்ணெய் தேய்க்கலாமா சிஸ்டர்?" எடை தேறி, தோலும் நன்றாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சரி என்பேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் கெஞ்சித் தடுக்கிறேன். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மார்புக்காம்பைப் பிதுக்குவதையும்தான். அப்படிப் பிதுக்கி, சீழ் பிடித்து வந்த குழந்தைக்கு ஊசி போட்டது இந்தக் கைதான். அந்தப் பாட்டி பேரப்பிள்ளைமேல் ஆசையில் செய்தது அது.

போன மாதம் ஒரு தாய். முதல் பிரசவம், 31 வாரத்தில். குழந்தையை எட்டி நின்றே பார்ப்பாள். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கி வைக்கச் சொன்னேன். விரல் நுனிதான் முதலில் போனது, குழந்தை சிலிர்த்துக்கொண்டது. அவள் கைமேல் என் கையை வைத்து மெல்ல அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்தது.

"என்னையத்தான் பாக்குது சிஸ்டர்."

மறுநாளிலிருந்து பால் கொடுக்கும் நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்றாள். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "சூடு போதுமா பாருங்க" என்பாள்.