பரப்புக் காணியும் ஹெக்டேயர்ப் படமும்

எங்கள் காலத்துக் கணக்குக் கொப்பிகளின் பின்னட்டையில் அளவை வாய்பாடு அச்சடித்திருக்கும். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர் என்று பாடமாக்கினோம். பிறகு மெற்றிக் வந்தது. அரிசியும் சீத்தைத் துணியும் மாறின. காணி மட்டும் அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் இன்றும் விலை பேசுவது 'பரப்பு' என்ற பழைய அளவில், புதிய நில அளவைப் படம் வருவது ஹெக்டேயரில். வெளிநாட்டிலிருந்து பங்கு பிரிக்கும் எங்களவர்கள் இடறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதால் ஒரு பரப்பு சரியாக 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி, 252.93 சதுர மீற்றர். வயற்காணி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) நெல்லுக்குரிய பரப்பு என்று எழுதியிருந்தால் அது வேறு அளவு, இந்தக் கணக்கைப் போடாமல் நொத்தாரிசிடம் கேளுங்கள்.

ஒன்பது பரப்பு வளவு நாலு பிள்ளைகளுக்குப் பிரிகிறது என்று வையுங்கள். ஆளுக்கு இரண்டேகால் பரப்பு. உறுதியில் அது '2 பரப்பு 4½ குழி' என்று நிற்கும். இதை 2.45 பரப்பு என்று கணினியில் தட்டிவிட்டால் 2 பேர்ச், கிட்டத்தட்ட 50 சதுர மீற்றர், கூடிப்போகும். முழுவதையும் முதலில் குழியாக்குங்கள்: 36 உடன் 4½, மொத்தம் 40½. அதை 18 ஆல் பிரித்துப் பத்தால் பெருக்கினால் 22.5 பேர்ச். கடைசியில் மட்டும் 25.293 ஆல் பெருக்க, 569 சதுர மீற்றர். படத்தில் 0.0569 ஹெக்டேயர் என்றிருக்கும். நாலாம் தசமதானத்தில் ஒன்று என்பது ஒரு சதுர மீற்றர், அதை 0.06 என்று சுருக்கினால் பக்கத்து வீட்டாரோடு வழக்குத்தான்.

இணையத்தில் 'குழி' என்று தேடினால் பெரும்பாலும் தமிழ்நாட்டின் 144 சதுர அடிக் குழிதான் அகப்படும். எங்கள் குழி 151¼ சதுர அடி. மேலே சொன்ன பங்கில் மட்டும் அந்த 144 கணக்கு ஏறக்குறைய 294 சதுர அடியை விழுங்கிவிடும்.

பழைய படங்களில் 0-1-20 என்று கண்டால் அது ஏக்கர், றூட், பேர்ச் வரிசை: 60 பேர்ச், ஆறு பரப்பு. எல்லைக்கோட்டில் எழுதிய நீளம் மீற்றரா லிங்கா என்று படத்தின் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். 100 லிங்க் ஒரு செயின், 66 அடி. 250 லிங்க் வேலி 50.29 மீற்றர்.