மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஃபுல் ஸ்டாக் பூட்கேம்ப்: சேரப் போகிறவர்களுக்கு

ஒருவழியாக ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் கோர்ஸ் பீஸ் கடனை இனி அப்பாவிடம் கேட்காமல் கட்டலாம். வேளச்சேரி பக்கம் ஒரு பூட்கேம்பில் (சில மாதங்களில் கோடிங் சொல்லித்தரும் கோர்ஸ்) மெர்ன் ஸ்டாக் படித்தேன், அதாவது மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ரியாக்ட், நோட் என்று வெப் ஆப்பின் திரையிலிருந்து டேட்டாபேஸ் வரை செய்ய உதவும் நாலு கருவிகள். சிலபஸ் எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதை விடுகிறேன்.

என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: எரர் மெசேஜை முழுசாகப் படியுங்கள். எங்கள் பேட்சில் பாதிப் பேர் திரையில் சிவப்பைப் பார்த்ததும் அப்படியே காப்பி செய்து சாட்ஜிபிடியில் போடுவார்கள், அது கொடுத்ததை ஒட்டுவார்கள், அது புதுசாக ஒரு எரரைக் காட்டும், அதையும் காப்பி செய்வார்கள், சாயங்காலம் ஆகிவிடும். ரியாக்டில் (திரையைக் கட்டும் லைப்ரரி) 'அன்டிஃபைன்டு'க்கு, அதாவது மதிப்பே இல்லாத ஒன்றுக்கு, மேப் (லிஸ்ட்டில் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றும் கட்டளை) போட முடியாது என்று திட்டு வாங்காத ஆளே கிடையாது. மேப் மேல் ஒரு தப்பும் இல்லை. ஏபிஐயிலிருந்து (சர்வர் டேட்டா தரும் வழி) டேட்டா வருவதற்குள் கம்போனென்ட் (திரையின் ஒரு துண்டு) ஒருமுறை ரெண்டர் ஆகிவிடுகிறது, அதாவது திரைக்கு வந்துவிடுகிறது, அந்த நேரத்தில் ஸ்டேட்டில் (கம்போனென்ட் நினைவில் வைத்திருக்கும் டேட்டா) ஒன்றும் இருக்காது. ஸ்டேட்டை உருவாக்கும் யூஸ்ஸ்டேட்டில் ஆரம்பத்திலேயே காலி அர்ரே (காலி லிஸ்ட்) கொடுத்தால் முடிந்தது. எந்த ஃபைல், எத்தனாவது வரி என்பதெல்லாம் அங்கேயே எழுதியிருக்கும் சார்!

வேலை கிடைத்ததும் இதனால்தான். இன்டர்வியூவின் மெஷின் ரவுண்டில் (கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோட் செய்யும் சுற்று) ஓடாத ஆப் ஒன்றைக் கொடுத்து சரி செய்யச் சொன்னார்கள். பிரவுசரில் நெட்வொர்க் டேபைத் திறந்தால் ஒரே ரிக்வெஸ்ட் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. யூஸ்எஃபெக்டுக்குள் (ரெண்டர் ஆன பிறகு ஓடும் கோட்) ஸ்டேட்டை மாற்றியிருக்கிறார்கள், அது எப்போது மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் டிபெண்டன்சி அர்ரேயே இல்லை. ஸ்டேட் மாறினால் ரெண்டர், ரெண்டர் ஆனால் மறுபடி எஃபெக்ட், அது மறுபடி ஸ்டேட்டை மாற்றும். அந்த அர்ரேயாகக் காலி அடைப்புக்குறி ஒன்றைச் சேர்த்ததும் அடங்கியது. "எப்படிப்பா பிடிச்ச?" என்றார் இன்டர்வியூ எடுத்த மேடம். அப்புறம் ஜாவாஸ்கிரிப்டில் செட்டைம்அவுட் ஜீரோ (பூஜ்ஜிய நேர டைமர்), முடிந்துவிட்ட பிராமிஸ் (பிறகு வரும் விடைக்கான வாக்கு), இந்த இரண்டுக்கும் வைத்த கோடில் எது முதலில் ஓடும் என்று கேட்டார். பிராமிஸ்தான், அது காத்திருக்கும் மைக்ரோடாஸ்க் வரிசை காலியான பிறகுதான் டைமர் பக்கமே போகும்.

மற்றவை:

- '100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்பதில் கடைசி வார்த்தைதான் முக்கியம். எங்களுக்குக் கிடைத்த அசிஸ்டன்ஸ், நௌக்ரி வேலைவாய்ப்பு சைட்டில் எல்லாரும் பார்க்கும் லிங்க்குகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியது.
- தவணையில் பீஸ் கட்டலாம் என்றால் பெரும்பாலும் அது ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன், உங்கள் பெயரில். பாதியில் நின்றாலும் இஎம்ஐ நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) போய்விடும். கையெழுத்துக்கு முன் படியுங்கள்.
- எஸ்க்யூஎல்லை (அட்டவணை டேட்டாபேஸில் கேள்வி கேட்கும் மொழி) தனியாகப் படியுங்கள். மாங்கோடிபி மட்டும் தெரிந்து போனால், 'இரண்டாவது அதிக சம்பளம் யாருக்கு' என்ற அரதப்பழசான கேள்வியிலேயே விழிப்பீர்கள்.
- குரூப் ஸ்டடி வேண்டவே வேண்டாம். (எனக்கு ராத்திரி தனியாக உட்கார்ந்தால்தான் ஓடும், உங்களுக்கு எப்படியோ.)
- நெட்ஃப்ளிக்ஸ் குளோன் எல்லார் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. நான் எங்கள் ரூம் பசங்களின் மெஸ் பாக்கிக் கணக்குக்கு ஒரு ஆப் செய்தேன். இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள், யார் இன்னும் பாக்கி வைத்திருக்கிறான் என்பது உட்பட.