14 புள்ளியும் 4 புள்ளியும்

நேற்று இரவு 'ழ' எழுத்தைக் கணினியில் வெக்டாரில், அதாவது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுகளுமாக, வரைந்துகொண்டிருந்தேன். ஸ்கேன் செய்த கையெழுத்தின் மேலேயே பென் டூலால் வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனதில், அடியில் வளைந்து திரும்பும் வாலுக்கு மட்டும் 14 புள்ளிகள். சும்மா பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. 800 சதவீதம் பெரிதாக்கியதும் கோடு மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது.

அந்த வாலை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். வளைவு எங்கே உச்சிக்குப் போகிறதோ, எங்கே அடியைத் தொடுகிறதோ, இடமும் வலமும் எங்கே அதிகம் தள்ளி நிற்கிறதோ, அங்கே மட்டும் புள்ளி. புள்ளியிலிருந்து நீண்டு வளைவின் போக்கைத் திருப்பும் கோடுகளான கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டும் இழுத்தேன். நாலே புள்ளி. கோடு ஒரே மூச்சில் ஓடியது!

முழு வட்டத்துக்கே 4 புள்ளி போதும். கைப்பிடியின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு இருந்தால், பிழை 0.03 சதவீதத்துக்கும் குறைவு. கணக்குப்படி அது வட்டமே இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

கார் உடலை வரைவதற்காக ரெனோ நிறுவனத்தில் 1960களில் பியர் பெசியே பரப்பிய முறை இது. இன்னொரு கார் நிறுவனமான சித்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோ 1959இலேயே இதில் இறங்கிவிட்டார். வளைவுக்கு 'பெசியே வளைவு' என்றே பெயர் நிலைத்து, காஸ்டெல்ஜோவின் பெயர் அமையாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்புறம், இங்க்ஸ்கேப் என்ற வெக்டார் மென்பொருளில் வரைபவர்களுக்கு: புள்ளியைத் தேர்ந்து ஷிஃப்ட்+எஸ் அழுத்தினால் வளைவு வழுவழுப்பாகும், ஷிஃப்ட்+சி அழுத்தினால் கூர்முனை. சிம்ப்ளிஃபை கட்டளையை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். புள்ளிகளைக் குறைக்கும், ஆனால் உச்சியில் இருக்க வேண்டியதை வேறெங்கோ வைத்துவிடும்.