பெயர் ஏறிய பிறகு: ஒரு கருப்பட்டிக் கடைக்காரனின் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர் காலை ஆராதனையில் ஞானஸ்நானம் பெற்றேன். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை, எனக்குப் பின்னால் எங்கள் கடையில் பதினோரு ஆண்டுகளாக மூட்டை தூக்குகிறவர், நடுவில் 43 வயதில் நான். பதினேழு ஆண்டுகளாக மனைவியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன், இன்று அந்த மரத்தைத் தாண்டி உள்ளே போய், நனைந்த காலரோடு வெளியே வந்தேன். குழந்தை அழுதது, நாங்கள் இருவரும் அழவில்லை.

பெயரைப் பற்றித்தான் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று குருவானவர் முதலிலேயே சொல்லிவிட்டார். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை உருவாக்கிய தாவீது சுந்தரானந்தம், தாவீது என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற பிறகும் சுந்தரானந்தத்தை விட்டுவிடவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். குலதெய்வத்தின் பெயரைச் சுமந்த என் பழைய பெயர் அம்மா வைத்தது. அதை எடுத்துப்போட எனக்கு மனம் வராததால், அதனோடு சத்தியநாதன் என்பதைச் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பெயரை முன்மொழிந்தவள் மனைவி. சீனி கலந்த கருப்பட்டி விற்கிறவனுக்குச் சத்தியநாதன் என்று பெயர் வைக்கிறோமே என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரிந்திருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடை திறந்ததும் பின்கட்டுக்குப் போய்ப் பதினான்கு மூட்டைச் சீனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் உடன்குடி வட்டாரத்துக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது கடை வாசலில் பலகை எழுதி வைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பலகைக்குப் பின்னால் நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். பதநீர் காய்ச்சும் கொட்டகைகளான விடிலிகளிலிருந்து வாங்கும் அசல் சரக்கையும், உடைந்து கூழாகிப்போன பழைய கருப்பட்டியையும் எங்கள் கொட்டகையில் உருக்கி, பத்துப் பங்கில் ஆறு பங்கு சீனியாக இருக்கும்படி சேர்த்து, மறுபடியும் சிரட்டையில் ஊற்றுவோம். சீனி கிலோ 45 ரூபாய். அசல் கருப்பட்டி 350 ரூபாய்க்குக் குறையாது. இதற்கு மேல் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அசல் சரக்கு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கிக் கசியும் என்பதால்தான் நம் பாட்டிமார் அதை அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் வைத்தார்கள். சீனி கலந்ததோ கார்த்திகை மழையிலும் கல்லைப் போலக் கிடக்கும். வாங்குகிறவர்கள் அந்தக் கெட்டியைத்தான் நல்ல சரக்கின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின என்று பவுல் எழுதியது ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது. ஒழிந்துபோயின என்று நடந்து முடிந்ததாகச் சொல்கிறார். பின்கட்டில் பதினான்கு மூட்டை அப்படியேதான் இருக்கிறது. அவர் சொல்வது பொய்யாக இருக்க முடியாது என்றும், மூட்டையும் பொய்யில்லை என்றும் மாறி மாறித் தோன்றிக்கொண்டிருந்தது. கடைசியில் கொட்டகை அடுப்பை அணைக்கச் சொன்னேன். சீனியை வாங்கிய கடையிலேயே சிறிது நட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. மூட்டைக்கு எவ்வளவு குறைப்பேன் என்று மட்டும் கேட்டார்.

மே 6, செவ்வாய்

ஏற்கெனவே உருக்கி ஊற்றிய சரக்கு நானூறு கிலோவுக்கு மேல் கிடக்கிறது. மதுரையில் வழக்கமாக வாங்கும் வியாபாரி பில் இல்லாமல் அனுப்பிவிடச் சொன்னார். அனுப்பினால் அவர் அதை அசல் என்று விற்பார். பொய் என் வாயிலிருந்து வராது, என் லாரியில் மட்டும் போகும். இரண்டு நாள் யோசித்து, முடியாது என்றேன்.

பிறகு ஒரு சிலேட்டை எடுத்து, ‘இதில் பாதிக்கு மேல் சீனி கலந்தது, கிலோ 80 ரூபாய்’ என்று எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டேன். மானம் போகும், போகட்டும் என்று காத்திருந்தேன். ஊரில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. காப்பிக்கடை நடத்தும் ஒரு பெண் இருபது கிலோ கட்டச் சொல்லிவிட்டு, “கலக்காததுன்னு விக்கிறவங்ககிட்டயும் இதைத்தானே அண்ணாச்சி வாங்கிட்டிருந்தோம், இது விலையாவது கொறைவு” என்றார். மனந்திரும்புதலுக்கு வியாபாரம் கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாடு பட வேண்டும் என்ற ஆசையிலும் ஒரு வீண்பெருமை இருந்திருக்கிறது.

பக்கத்துக் கடைக்காரர்களுக்குத்தான் கோபம். நான் என்னைப் பற்றி எழுதிய சிலேட்டை அவர்களும் தங்களைப் பற்றியதாகவே வாசித்தார்கள்.

மே 19, திங்கள்

மூட்டை தூக்குகிறவர் தம் மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சாதிச் சான்றிதழைப் பற்றிக் கேட்க வந்தார். இந்த ஒரு பக்கத்தை நான் ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே காலையில், ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றோம். நான் நாடார். தமிழ்நாட்டில் இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் நாடார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். அரசாங்கக் காகிதத்தில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அந்தப் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே மதம் மாறிய அவர் இனிப் பிற்படுத்தப்பட்டோர். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுத் தொடுத்த வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும் அவர் கேள்விப்பட்டிருந்தார்.

சிலர் செய்வது போல ஞாயிறு ஒன்றாகவும் தாலுகா அலுவலகத்தில் வேறொன்றாகவும் இருந்துகொள்ளலாமே என்று என் வாய் வரை வந்தது. அவரே முந்திக்கொண்டு, மகள் மட்டும் இப்போதைக்கு ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவளாக முடிவு செய்யட்டும் என்று விட்டிருப்பதாகவும், தம் விஷயத்தில் எழுதிக்கொடுத்ததை மாற்றப்போவதில்லை என்றும் சொன்னார். மகளின் சான்றிதழுக்கு என்ன வழி என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். புதிய அடையாளம் எனக்கு ஒரு சிலேட்டுச் செலவோடு முடிந்தது. அவர் கொடுத்த விலை வேறு.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே திருநாள். நேற்றுப் பேராயர் வந்து எங்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தியதால், இன்று முதல் முறையாகத் திருவிருந்தில் பங்குபெற்றோம். பீடத்தின் முன் கிராதியில் முழங்கால்படியிட்டபோது மூட்டை தூக்குகிறவர் எனக்கு வலப்பக்கம் இருந்தார். குருவானவர் வலமிருந்து இடமாக வந்தார். பாத்திரம் அவர் வாய்க்குப் போய், வெள்ளைத் துணியால் விளிம்பு துடைக்கப்பட்டு, கொஞ்சம் திருப்பப்பட்டு, என் வாய்க்கு வந்தது. துடைத்த இடத்தில் இன்னும் ஈரம் இருந்தது. திராட்சரசத்தின் இனிப்பு நாக்கில் படுவதற்கு முன்பே எனக்குக் கடையின் பின்சுவர் நினைவுக்கு வந்துவிட்டது.

பின்சுவரில் ஓர் ஆணி. அதில் ஓர் எவர்சில்வர் டம்ளர். பதினோரு ஆண்டுகளாக அவர் அதில்தான் தேநீர் குடிக்கிறார். குடித்துவிட்டுத் தாமே கழுவித் தாமே மாட்டுகிறார். மாட்டச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை, ஆணி அப்பா காலத்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். எங்கள் ஆட்களே 1939க்கு முன்னால் மதுரைக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றவர்கள் என்று பாட்டனார் கதை கதையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்த வீட்டில்தான் அந்த ஆணியும் அடிக்கப்பட்டது.

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே குறடு கொண்டு ஆணியைப் பிடுங்கினேன். துருப்பிடித்துப் பாதியில் முறிந்தது. மீதி சுவருக்குள் இருக்கிறது. டம்ளரைக் கடைச் சாமான்களோடு சேர்த்துவிட்டு, தேநீர் வந்ததும் நான் குடிக்கும் கண்ணாடித் தம்ளரைப் போல ஒன்றை அவருக்கு நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது சின்னது அண்ணாச்சி, அதுல கூடப் பிடிக்கும்” என்றார். பழைய டம்ளரை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அதில் குடித்தார். மன்னிப்புக் கேட்க நான் வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. பெஞ்சில் அவர் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை என்பதை இருவரும் கவனித்தோம், சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

குலதெய்வத்துக்கு ஆடிக் கொடை விழா. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரிக்கு ஆள் வந்தபோது, பூசைக்கும் பலிக்கும் போகும் வரியைக் கொடுக்க இயலாது என்றும், சோறு ஆக்கும் செலவுக்கு அதே தொகையைக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். சாமர்த்தியமான வழி என்று நினைத்திருந்தேன். வரி பிரிக்கும் சித்தப்பா பணத்தைத் திருப்பி என் மேசையில் வைத்து, “தலைக்கட்டுல இல்லாதவங்ககிட்ட நாங்க தர்மம் வாங்குறது இல்ல தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்து என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். ஏப்ரலில் ஒரு பதிவேட்டில் ஏறிய பெயர், ஜூலையில் இன்னொன்றில் அடிபட்டது.

அம்மாவுக்குக் கொடைச் சேலையும் போய்வர வாடகைக் காரும் ஏற்பாடு செய்தேன். சேலையை வாங்கிக்கொண்டு, காரை வேண்டாம் என்று பேருந்தில் போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பருவம் முடிந்தது, பனையேறிகள் கலயங்களை இறக்கிவிட்டார்கள். கணக்கு முடிக்கும் நேரம். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்’ என்ற நீதிமொழியை இதுவரை அச்சமில்லாமல் கேட்டு வந்தேன், ஏனென்றால் என் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை வாங்குகிறேன். தராசில் கள்ளம் இல்லை. தராசு காட்டியதை நான் எழுதிய நோட்டில் இருந்தது.

விடிலியிலிருந்து வரும் பச்சைக் கருப்பட்டி காயும்போது எடை குறையும் என்று, பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்பது எங்கள் வழக்கம். எவ்வளவு குறையும் என்று ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. இந்த மே மாதம் ஓலைப்பெட்டியில் பத்துக் கிலோவைத் தனியே வைத்து ஒரு மாதம் கழித்து நிறுத்தேன்: 9 கிலோ 700 கிராம். ஆக, கிலோவில் எழுபது கிராம் என்னுடையது அல்ல. முதலில் எழுதியது ஒரு பனையேறியின் மனைவி கணக்கு. அவர் கணவர் போய் ஆறு பருவங்கள் ஆகின்றன. மகன் பனையேற, அந்த அம்மா காய்ச்சுகிறார். பருவத்துக்கு 400 கிலோ வீதம் ஆறு பருவம், நான் அதிகம் பிடித்தது 168 கிலோ, நான் கொள்முதல் செய்த சராசரி விலை கிலோ 180, மொத்தம் 30,240 ரூபாய்.

வேதத்தில் வரும் வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்றான்; அப்படியானால் 1,20,960. இதே போல் இன்னும் பதினெட்டுக் குடும்பங்கள். குருவானவரிடம் போனேன். சகேயு அதைத் தானாகச் சொன்னான், இயேசு கேட்கவில்லை என்றார்; எண்ணாகமத்தில் குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றிருப்பதைக் காட்டினார். எனக்கு அது சட்டென்று ஆறுதலாக இருந்தது. வியாபாரிக்கு ஐந்தில் ஒன்று நாலு மடங்கைவிட எப்போதும் ஆறுதலானது. 36,288 ரூபாயைக் கவரில் வைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடிலியில் அடுப்பு அணைந்து கிடந்தது. மணலில் சிரட்டை பதித்த குழிகள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன. மூலையில், பதநீர் பொங்கி வழியாமல் இருக்கப் போடும் ஆமணக்கு விதை ஒரு கிண்ணத்தில் மிச்சமிருந்தது. கவரைக் கொடுத்து, கழிவுக் கணக்கை விளக்கினேன். அந்த அம்மா நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார். நான் எதிர்பார்த்த கண்ணீரோ வாழ்த்தோ வரவில்லை.

“ஆறு வருசக் கணக்கா?” என்றார்.

“ஆமாம்மா.”

“அதுக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து போட்டாரே, அதுக்கும் இதே கழிவுதான் பிடிச்சிய. ஒங்கப்பா காலத்துலயும் பிடிச்சாவ.”

நோட்டு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடினால் கிடைக்காது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். திரும்பி வரும் வழியில் அந்தப் பொய் எவ்வளவு இயல்பாக வாய்க்குள் உருவாகி நின்றது என்பதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பரணில் ஏறினேன். அப்பாவின் பேரேடுகள் பதினொன்று இருந்தன. இரண்டைச் செல் அரித்திருக்கிறது. ஒன்பது வாசிக்கும்படி இருக்கின்றன. மூட்டை தூக்குகிறவர் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கித் தூசி தட்டி அடுக்கினார். அப்பாவின் கையெழுத்தில் எல்லாப் பக்கத்திலும் கடைசிப் பத்தி ‘கழிவு’ என்று தலைப்பிட்டிருக்கிறது. முதல் பேரேட்டின் முதல் பக்கத்தில் இருந்து கூட்டத் தொடங்கியிருக்கிறேன்.