ஒரே படம், ஆளாளுக்கு ஹெட்போன்

நாலஞ்சு பேர் சேந்து படம் பாக்கணும் ஆனா சத்தம் வெளிய போகக்கூடாதுன்னா எல்லாரும் மொதல்ல புளூடூத்துக்குத்தான் ஓடுறாங்க, அங்கதான் சிக்கலே. சாதாரண புளூடூத்துல டிவி பெரும்பாலும் ஒரு ஹெட்போனுக்குத்தான் சத்தம் அனுப்பும், சில ட்ரான்ஸ்மிட்டர் (டிவில சொருகி சத்தத்த ஹெட்போனுக்கு அனுப்புற பெட்டி) ரெண்டு வரைக்கும் தாங்கும், அவ்ளோதான். அதுலயும் ரெண்டும் வேற வேற மாடலா இருந்தா ஒருத்தர் சிரிச்சு முடிச்சப்புறம்தான் இன்னொருத்தருக்கு ஜோக்கே வந்து சேரும் 😄

என் ஓட்டு ஆர்எஃப், அதாவது ரேடியோ அலைல வேல செய்யுற ஹெட்போனுக்குத்தான். ட்ரான்ஸ்மிட்டர் ஒண்ணு போதும், ரேடியோ ஸ்டேஷன் மாதிரி அது பாட்டுக்கு அனுப்பிட்டே இருக்கும், அதே செட்டு ஹெட்போன அதே சேனல்ல வச்சா பல மாடல்ல எத்தன பேர் வேணாலும் கேக்கலாம், எல்லாரும் ஹெட்போன் மாட்டிட்டு ஆடுற சைலன்ட் டிஸ்கோல பண்றதும் இதேதான். சிலதுல லேசா இரைச்சல் வரும், படம் சூடு புடிச்சா அது காதுல விழாது. டிவிலேர்ந்து ட்ரான்ஸ்மிட்டருக்கு ஆப்டிகல் கேபிள் சொருகியும் சத்தமே இல்லயா? டிவி ஆடியோ செட்டிங்ல டால்பிங்கற சரவுண்ட் ஆடியோ ஃபார்மேட்ட எடுத்துட்டு பிசிஎம்ங்கற சாதாரண ஃபார்மேட்ட வைங்க, அதுக்குள்ள ட்ரான்ஸ்மிட்டர் அவுட்டுன்னு முடிவு கட்டிராதீங்க.

2022ல அறிவிச்ச ஆராகாஸ்ட் (ஒரே சத்தத்த பல ஹெட்போனுக்கு அனுப்புற புளூடூத் வசதி) வந்தப்புறம் புளூடூத்லயும் இப்டி கூட்டமா கேக்க முடியுது, ஆனா டிவி ஹெட்போன் ரெண்டுமே அத சப்போர்ட் பண்ணணும், புதுசா வாங்குறவங்க டப்பால அந்தப் பேர் இருக்கான்னு பாத்து வாங்குங்க.